கழலாத நட்டும் அப்பாவின் தகர டப்பாவும்



வெங்காயம், மஞ்சள், மாடு, மழை என்று எழுதுகிறவன் இந்தத் தடவை நட்டு போல்ட்டைப் பற்றி எழுதுகிறேன். போன சித்திரையில் எங்கள் பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்த வேண்டி வந்தது. அதில் ஆரம்பித்த வேலை எங்கெங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. 200 வருசக் கதையும் இருக்கிறது, என் வீட்டுக் கதையும் இருக்கிறது. பதிவு நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு பள்ளம் குறுக்கிடும். பள்ளம் என்றால் எங்கள் பக்கம் ஓடை. அதன் மேல் இருந்த சிமெண்ட் பாலம் மழையில் அரித்து, ஓரம் படி மாதிரி நின்றுவிட்டது. வெறும் வண்டி தாண்டிவிடும். தேங்காயோ வெங்காய மூட்டையோ ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி, சேசிஸும் டீசல் டேங்கின் அடியும் கல்லில் உரசும். பட்டை எல்லாம் பழசாகித் தளர்ந்துவிட்டது. ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, அச்சுக்கும் பட்டைக் கட்டுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டை கொடுத்தால் 2 அங்குலம் ஏறும் என்றார்கள்.

பெங்களூரில் இருந்து மகன் வந்திருந்தான். அமெரிக்காவில் இதற்கென்றே பெட்டியில் போட்டு விற்கிறார்கள், லிஃப்ட் கிட் என்று பெயர், வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்கிறார்கள் என்று செல்போனில் படம் காட்டினான். "நாமே கழட்டிரலாம்பா, பட்டையை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோனாப் போதும்" என்றான். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படிச் செய்தால் சேசிஸ்தான் உயரும், டிஃப்ரென்ஷியல் உருண்டை இருந்த இடத்தில்தான் இருக்கும். அது உயர வேண்டுமென்றால் டயர் பெரிதாக வேண்டும். உயரம் ஏற ஏற வண்டி திருப்பத்தில் சாயவும் செய்யும். அதனால் 2 அங்குலத்துக்கு மேல் ஆசைப்படவில்லை.

அந்தப் படங்களில் எல்லாம் நட்டு இரண்டு சுற்றில் கழன்று வருகிறது. நிஜத்தில் அப்படி இல்லை. பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு யூ போல்ட், நான்கு நட்டு. இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. அதில் ஆறு வந்தது. இரண்டு அசையவில்லை. அதைவிட மோசம் ஷேக்கிள் போல்ட். பட்டையின் கண்ணுக்குள் ரப்பர் புஷ், அதற்குள் ஒரு இரும்புக் குழல், அந்தக் குழலுக்குள் போல்ட். குழலும் போல்ட்டும் துருவில் ஒன்றாகிவிட்டன. நட்டு கழன்ற பிறகும் போல்ட் வெளியே வராது, திருப்பினால் குழலோடு சேர்ந்து ரப்பருக்குள் சும்மா சுற்றும்.

எல்லாம் நாமே ஏற்றி இறக்கிய பாரத்தின் வேலை. பொட்டாஷ் மூட்டை எத்தனை ஏற்றியிருப்போம். பொட்டாஷ் என்பது உப்புதான், சோற்று உப்புக்கு அண்ணன் தம்பி. அது சிந்திய இடத்தில் ஈரம் பட்டால் இரும்பு தின்றுபோகும். பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்களாம், அந்த ஊர் வண்டிகளுக்கும் இதே கதிதான். துரு என்பது இரும்பு கரைந்து குறைவது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் துருவாக மாறும் இரும்பு, தான் இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருப்பது மயிரிழை இடைவெளி. அதற்குள் துரு ஊதிப் பெருத்தால் ஆப்பு அடித்த மாதிரி இறுகிக்கொள்ளும். வெறும் பலத்தைக் காட்டினால் நட்டு வராது, போல்ட்தான் முறியும்.

எங்கள் பக்கம் பழைய மெக்கானிக்குகள் செய்வது என்ன? முதலில் கம்பி பிரஷ் போட்டு வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்வார்கள். உள்ளே அழுக்கோடு திருகினால் பாதியில் மாட்டும். பிறகு டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் சுத்தியலால் நட்டின் பக்கவாட்டில் நாலு தட்டு, மறுபடி எண்ணெய். உடனே கழற்றப் பார்க்காமல் முதலில் ஒரு நூல் இறுக்கிப் பார்ப்பார்கள். துருவின் பிடி எந்தப் பக்கம் உடைந்தாலும் சரிதானே. அதற்கும் அசையவில்லை என்றால் தீ. நட்டை மட்டும் சுட வைக்க வேண்டும், போல்ட்டை அல்ல. 20 மில்லிமீட்டர் ஓட்டை 300 டிகிரி சூடு ஏறினால் 0.07 மில்லிமீட்டர் விரியும். கேட்க ஒன்றுமே இல்லை, ஆனால் துருவின் பிடியை விடுவிக்க அது போதும். பக்கத்தில் டீசல் டேங்க், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ் இருந்தால் தீயை நினைக்கவே கூடாது. எங்கள் வண்டியில் மூன்றும் பக்கத்தில்தான் இருந்தது. யூ போல்ட் இரண்டையும் ஹேக்சா பிளேடு போட்டு அறுத்தே எடுத்தோம். எப்படியும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது, ஒருமுறை இழுபட்டு நீண்டது அது. ஷேக்கிள் போல்ட்டையும் இரண்டு பக்கமும் அறுத்தோம். ஒரு பகல் போய்விட்டது.

புது ஷேக்கிள் போல்ட்டுக்கு ஒரு நட்டு குறைந்தது. கடைக்குப் போக 11 கிலோமீட்டர். அப்பாவின் தகர டப்பாவில் கிடக்கும் என்று களஞ்சியத்து மேல் பலகையில் இருந்து இறக்கினேன். அப்பா போய் ஆறு வருசம் ஆகிறது. அந்த டப்பாவை நான் திறந்ததே இல்லை.

ஏன் திறந்ததில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்த வருசம், சித்திரை மாசம். காட்டில் சின்ன வெங்காயம், காய் பிடித்துப் பெருக்கும் பருவம். கிணற்றில் தண்ணீர் இருந்தது, ஆனால் பம்பு காத்துப் பிடித்தது. பேக்கிங் போயிருக்கும், கேசிங்கைக் கழற்றி மாற்ற வேண்டும். அப்பா சந்தைக்குப் போகும்போது, "நட்டை மட்டும் லூசு பண்ணி வையி, நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு ஸ்டட். அரை அங்குல ஸ்டட். ஐந்து நட்டு ஊறவைத்ததும் வந்துவிட்டது. ஆறாவது வரவில்லை. ஸ்பேனரின் வாலில் ஒரு பைப்பைச் சொருகி முழு உடம்பையும் கொடுத்தேன். ஒரு சத்தம், நான் படிக்கட்டில் கிடந்தேன். ஸ்டட் கேசிங்கோடு ஒட்ட முறிந்துவிட்டது. முறிவதற்கு முன்னாலேயே உளி வைத்து நட்டைத் திருப்பப் பார்த்ததில், வார்ப்பு இரும்புக் கேசிங்கின் காதும் விரிசல் விட்டிருந்தது. வார்ப்பு இரும்பு வளையாது, உடையத்தான் செய்யும். அந்த வயசில் அது எனக்குத் தெரியாது.

அந்த மாடல் கேசிங் கோயம்புத்தூரில் இருந்து வந்து சேர 9 நாள் ஆனது. வெங்காயத்தில் பாதி சுருண்டுவிட்டது. கேசிங்குக்குக் காசு வேண்டி ஒரு கறவை எருமையை விற்றார் அப்பா. என்னை அடிக்கவில்லை. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, "உன்ற கைக்கு இரும்பு ஆவாதுடா" என்றார். அவ்வளவுதான்.

பத்தாவது முடித்தபோது ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கலாம் என்று வாத்தியார் சொன்னார். விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். கொடுக்கவில்லை. சைக்கிள் செயின் கழன்றால்கூட வேறு ஆளைக் கூப்பிடுகிறவனாக ரொம்ப வருசம் இருந்தேன். டிராக்டர் வாங்கிய பிறகு, மெக்கானிக் வரத் தாமதமான ஒரு நாளில், வேறு வழியில்லாமல்தான் மறுபடி ஸ்பேனரைத் தொட்டேன்.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன்.

நொய்யல் கரையில் எங்களுக்கு ரொம்பத் தூரமில்லாத கொடுமணலில் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் அந்த ஊர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்படி இரும்பில் பழகிய மண் இது. ஆனால் நம் பழைய கட்டை வண்டியைப் பாருங்கள். எங்கேயும் மரை கிடையாது. ஆப்பு, ஆணி, கடையாணி. சக்கரம் கழலாமல் நிற்பது கடையாணியால். கழற்ற வேண்டுமா, தட்டினால் வந்துவிடும். துருப்பிடித்து மாட்டிக்கொள்ளும் தொல்லை மரையோடுதான் நம் வீட்டுக்கு வந்தது.

ஐரோப்பாவில் மரத்தில் செதுக்கிய பெரிய திருகுகளை ஒலிவ எண்ணெய் பிழியவும் திராட்சை பிழியவும் ரோமானியர் காலத்திலேயே வைத்திருந்தார்கள். குட்டன்பர்க்கின் அச்சு இயந்திரம்கூடத் திருகி அழுத்துவதுதான். இரும்பில் நட்டும் போல்ட்டும் வந்த பிறகு வெகுகாலம் அவை கையால் செய்யப்பட்டன. ஒரு கொல்லர் செய்த போல்ட்டுக்கு அவர் செய்த நட்டுதான் சேரும், சில சமயம் அதிலும் அந்த ஒரே நட்டுதான். புருசன் பொண்டாட்டி மாதிரி ஜோடி. இயந்திரத்தைப் பிரித்தால் எது எதோடு என்று அடையாளம் போட்டு வைக்க வேண்டும்.

1800ஐ ஒட்டிய வருசங்களில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் ஒரே மாதிரி மரையைத் திரும்பத் திரும்ப வெட்டக்கூடிய லேத்தைச் செய்தார். நம் ஊர் லேத் பட்டறைகள் எல்லாம் அந்த வம்சம்தான். அவரிடம் வேலை பார்த்தவர் ஜோசப் வித்வொர்த். 1803இல் பிறந்தவர், பிறகு மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை போட்டார். அவருக்கு ஒரு எரிச்சல். மாட்ஸ்லே பட்டறையில் எல்லாம் ஒரே மாதிரி, சரி. பக்கத்துப் பட்டறையில் வேறு மாதிரி. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ரயில் இன்ஜின் ஒரு ஊரில் ரிப்பேரானால் அது செய்த ஊரில் இருந்துதான் நட்டு வர வேண்டும்.

வித்வொர்த் செய்த காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. தன் மரைதான் சிறந்தது என்று சண்டை போடவில்லை. இங்கிலாந்தில் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்தார். மரையின் இரண்டு சரிவுக்கும் நடுவில் உள்ள கோணம் 55 டிகிரி என்று வந்தது. அதை எல்லாருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்று 1841இல் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் கட்டுரை படித்தார். அரை அங்குல போல்ட் என்றால் ஒரு அங்குல நீளத்துக்கு 12 மரை. இந்த 12ஐ நினைவில் வையுங்கள். ரயில்வே கம்பெனிகள் எடுத்துக்கொண்டன, பிறகு மற்றவர்களும். 1856இல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடியபோதே நம் பக்கம் இங்கிலாந்து நட்டு போல்ட்டின் காலம் தொடங்கிவிட்டது. பிறகு பருத்தி மில் இயந்திரங்கள். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்து கோயம்புத்தூரில் மில்லும் வார்ப்படப் பட்டறையும் பம்பு செட்டும் பெருகியபோது, எல்லாருடைய கையிலும் இருந்தது வித்வொர்த் அளவுகள்தான்.

அதில் ஒரு விசித்திரம். வித்வொர்த் ஸ்பேனரில் அரை அங்குலம் என்று எழுதியிருந்தால் ஸ்பேனரின் வாய் அரை அங்குலம் இல்லை. போல்ட்டின் தடிமன்தான் அரை அங்குலம், வாய் அதைவிட நன்றாக அகலம். மில்லிமீட்டர் ஸ்பேனரில் பழகிய பையன்கள் பழைய ஆயில் இன்ஜினைக் கழற்ற வந்தால் தலையைச் சொறிவார்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிற ஸ்பேனரைப் போட்டுத் திருகி நட்டின் மூலையை எல்லாம் உருட்டி வைத்துவிட்டுப் போவார்கள். பாதிப் பிடிவாத நட்டுகள் இப்படி உண்டாக்கப்பட்டவைதான், துருவைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

அமெரிக்காவில் வேறு கதை. பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்ற இயந்திரத் தொழிலதிபர் 1864இல் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்டில் எழுந்து, வித்வொர்த் மரை சாதாரணப் பட்டறைக்கு ஒத்துவராது என்றார். வித்வொர்த் மரையின் மேடும் பள்ளமும் உருண்டை. அந்த உருண்டையைச் சரியாக வெட்டத் தேர்ந்த ஆள் வேண்டும். செல்லர்ஸ் மேட்டைத் தட்டையாக்கினார். கோணம் 60 டிகிரி, மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தின் கோணம், சுலபமாகச் சரிபார்க்கலாம். அந்த நாட்டில் அதுவே நிலைத்தது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கால் அங்குல போல்ட்டுக்கு இரண்டிலும் 20 மரை. முக்கால் அங்குலத்துக்கு இரண்டிலும் 10. கோணம்தான் வேறு, ஆகவே மாற்றிப் போட்டால் கொஞ்சம் முரண்டினாலும் போய்விடும். அரை அங்குலத்தில் மட்டும் வித்வொர்த் 12, அமெரிக்கன் 13. வெறும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. முதல் ஒன்றிரண்டு சுற்று கையாலேயே ஏறும். அப்புறம் இறுகும். ஒரு மரைக்கு 0.16 மில்லிமீட்டர் பிசகு, ஆறு மரையில் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். பைப் போட்டு விடாப்பிடியாகத் திருகினால், நட்டு போல்ட்டின் மரையைச் சிதைத்துக்கொண்டே ஏறி உட்காரும். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

இரண்டாம் உலகப் போரில் இந்தச் சங்கடம் பெரிதாக வெடித்தது. ஒரே பக்கம் நின்று சண்டை போடுகிற இரண்டு நாட்டுக்காரர்கள் ஒருவர் நட்டை ஒருவர் மாட்ட முடியவில்லை. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான இன்ஜினை அமெரிக்காவில் பேக்கார்ட் கம்பெனி செய்தபோது, பிரிட்டிஷ் மரையையே வெட்டுவதற்குத் தனியாகக் கருவிகள் செய்துகொள்ள வேண்டியிருந்தது. போர் முடிந்து 1948 நவம்பரில் வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கையெழுத்துப் போட்டு ஒரு பொது மரைக்கு ஒத்துக்கொண்டன. 60 டிகிரி, அரை அங்குலத்துக்கு 13. வித்வொர்த் தோற்றார் என்றுதான் சொல்ல வேண்டும்.

முழுசாகத் தோற்கவும் இல்லை. உங்கள் அபார்ட்மெண்ட் குளியலறையில் கசிகிற குழாயைக் கழற்றிப் பாருங்கள். அந்த மரை இன்றைக்கும் 55 டிகிரிதான், வித்வொர்த் வடிவம்தான். ஹார்ட்வேர் கடையில் பி.எஸ்.டபிள்யூ. போல்ட் என்று கேட்டால் இப்போதும் எடுத்துக் கொடுப்பார்கள்.

நம் நாட்டுக்கு இந்த மூன்றும் மூன்று வாசல் வழியாக வந்தன. வித்வொர்த் ரயிலோடும் மில்லோடும் வந்தது. அமெரிக்க மரை ஜீப்போடு வந்தது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துப்போட்ட ஜீப்புகள் விற்பனைக்கு வந்தன, 1947இல் மஹிந்திராவும் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது. அந்தப் பழைய ஜீப்பில் இன்னொரு வேடிக்கை, இடப்பக்கச் சக்கரத்து நட்டுகள் எதிர்த்திசையில் கழலும். தெரியாத ஆள் பலம் கொண்ட மட்டும் இறுக்கிக்கொண்டே நிற்பான். மூன்றாவதாக மெட்ரிக். 1956இல் சட்டம் வந்தது, 1957இல் அணா போய் நயா பைசா வந்தது, படிப்படியாகக் கிலோவும் மீட்டரும். இன்றைய பிக்கப் வண்டியில் எல்லாம் மில்லிமீட்டர். 10, 12, 14, 17, 19 ஸ்பேனர் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஆனால் பழைய இரும்பு செத்துப்போவதில்லையே. ஒரு விவசாயியின் தகர டப்பாவுக்குள் மூன்று தேசத்து நட்டும் ஒன்றாகக் கிடக்கும்.

அப்பாவின் டப்பாவும் அப்படித்தான் இருந்தது. கொட்டிப் பார்த்தேன். கொக்கி, வாசர், உடைந்த கொழு, லாடம். அடியில் ஒரு கட்டுக்கம்பியில் ஏழு நட்டைக் கோத்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அதே கம்பியில், முறிந்த ஒரு ஸ்டட் துண்டும் கட்டியிருந்தது, நட்டு அதிலேயே மாட்டிக்கொண்டு. நட்டின் ஒரு முகத்தில் மூன்று உளி வெட்டு.

அந்த வெட்டு என்னுடையது. எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

மகன் "என்னப்பா?" என்றான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, பட்டையை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகும்போது அந்தக் கம்பியையும் எடுத்துக்கொண்டேன். பட்டறைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு லேத் இருக்கிறது. அங்கே இருக்கிற பெரியவருக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், இப்போது மெசினில் நிற்பதில்லை, பையன்தான் நிற்கிறான். அவரிடம் கொடுத்தேன். நட்டின் ஒரு பக்கத்தை ஹேக்சாவால் பிளக்கச் சொல்லி, சீப்பு மாதிரி இருக்கும் மரை கேஜை வைத்துப் பார்த்தார். ஸ்டட்டுக்கு 12 பல் கேஜ் பொருந்தியது. பிளந்த நட்டுக்குள் 13.

"இது ஜீப்பு நட்டுங்க தம்பி. இது பம்பு ஸ்டட்டு. ரெண்டும் சேராது. எவனோ பைப் போட்டு ஏத்தியிருக்கறான். ஏத்துன அன்னைக்கே இது செத்துப்போச்சு. கழட்டறவன் என்ன பண்ணினாலும் முறியத்தான் முறியும்."

கொஞ்ச நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதைய நான் ஒருக்கா பாத்திருக்கறனே. உங்கய்யன் கொண்டாந்து காட்டுனாரு. புது கேசிங்குக்கு ஸ்டட்டு போட வந்தப்ப" என்றார்.

"அப்ப என்னங்க சொன்னீங்க?"

"இதேதான் சொன்னன். வேற என்னத்தச் சொல்றது?"

அதற்கு முந்தின வருசம் பம்பில் ஒரு நட்டு காணாமல் போய், அப்பா பழைய இரும்புக் கடையில் ஜீப் பிரித்த சாமானில் இருந்து ஒரு கை நட்டு வாங்கி வந்தது எனக்கு நினைவு இருக்கிறது. எட்டு வாங்கியிருப்பார். ஒன்றை மாட்டினார். மீதி ஏழு.

ஆக, அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. வெங்காயம் காய்ந்த அந்தப் பத்து நாளுக்குள்ளேயே தெரிந்திருக்கிறது. அந்த ஏழு நட்டையும் அவர் அப்புறம் எதிலும் மாட்டவில்லை, கம்பியில் கட்டித் தனியே வைத்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. 36 வருசம் ஒரே வீட்டில் சாப்பிட்டோம். எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பி வரும்போது மகனிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவன், "தாத்தா மறந்திருப்பாருப்பா" என்றான். மறந்த மனுசன் ஸ்டட் துண்டைக் கம்பியில் கட்டி வைக்க மாட்டார். ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் பட்டை தயாராகி வந்தது. புது சென்டர் போல்ட், புது யூ போல்ட், புது புஷ். மாட்டும்போது போல்ட்டின் உடம்பில் கிரீஸ் தடவினேன், அடுத்த தடவை கழற்றுகிறவன் திட்டக்கூடாது என்று. யூ போல்ட் நட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகு குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பட்டை கோணலாக உட்காரும். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும், புதுப் பட்டை படிந்து உட்கார்ந்து நட்டு தளர்ந்திருக்கும். மகன் அதற்குள் பெங்களூர் போய்விட்டான். நானே படுத்துக்கொண்டு இறுக்கினேன். எட்டில் மூன்று கால் சுற்று வாங்கியது.

வண்டி இப்போது 20 மூட்டையோடு பள்ளத்தைத் தாண்டுகிறது, உரசல் இல்லை. ஏறி இறங்கத்தான் கொஞ்சம் உயரம், வீட்டுக்காரி திட்டுகிறாள். தோட்டத்து இரும்புக் கேட்டின் கீல் போல்ட் ஒன்று ரொம்ப நாளாக மாட்டிக்கொண்டு கிடக்கிறது. நேற்று ராத்திரி டீசல் ஊற்றி வைத்தேன். இதை எழுதி முடித்துவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும்.